குறி தவறாத குண்டு: பவுல் ஏர்லிக்கின் வாழ்வும் ஒரு நீண்ட தேடலும்

1990களில் ஜேர்மனியில் வாழ்ந்த எம்மவர் பலர் இம்மனிதரின் முகத்தைக் கைகளில் ஏந்தியிருக்கின்றனர். பெயரைத்தான் வாசித்திருக்க மாட்டார்கள். 1990 ஆம் ஆண்டு முதல் யூரோ நாணயம் வரும்வரை புழக்கத்திலிருந்த 200 மார்க் தாளின் முன்புறத்தில் தாடியும் மூக்குக்கண்ணாடியுமாகக் காணப்பட்டவர் அவரே. பின்புறத்தில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. வீட்டு வாடகைக்கும் சீட்டுக் காசுக்கும் எண்ணிக் கொடுத்த அத்தாளில் இருந்தவர் ஓர் அரசரோ படைத்தளபதியோ அல்லர். சாயத்தைக் கொண்டு நோயைத் தேடிய ஒரு வைத்தியர்.

இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் எமது உறவினர்களிடம், இலக்குநோக்கிய மருந்து என்று ஒன்றைப் பற்றி வைத்தியர்கள் பேசுகின்றனர். மொழிபெயர்க்கவென உடன்சென்ற பிள்ளை அச்சொல்லுக்குத் தமிழ் தேடித் திணறுவதை நாம் அறிவோம். நோயுற்ற கலத்தைத் தேடிச் சென்று தாக்கி, நல்ல கலத்தை இயன்றவரை விட்டுவிடும் மருந்து என்பதே அதன் பொருள். அத்தகைய மருந்தை மனிதன் திட்டமிட்டுச் செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தை ஆய்வுகூடத்திற்குள் கொண்டுவந்து ஒரு தொழிலாகவே ஆக்கியவர் பவுல் ஏர்லிக். அவர் புற்றுநோயை வென்றாரல்லர். வெல்ல முயன்று தோற்றவர். அத்தோல்வியையும் சேர்த்தே அவரது கதையைச் சொல்லவேண்டும்.

ஏர்லிக் 1854 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆம் நாள், அன்றைய பிரசிய நாட்டின் சிலேசியா மாகாணத்தில் ஸ்ரேலன் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டிலுள்ளது. பாடசாலையில் மிகச் சிறந்த மாணவர் என்று எவரும் அவரைச் சொல்லவில்லை. ஆனால் தாய்வழி உறவினரும், அவரிலும் ஒன்பது வயது மூத்தவருமான கார்ல் வைகேட் என்னும் மருத்துவ ஆய்வாளர், உடலின் இழையங்களைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் கலையில் முன்னோடியாக விளங்கினார். சிறுவனாயிருந்த பவுலைச் சாயங்கள் பிடித்துக்கொண்டன, இறுதிவரை விடவேயில்லை.

அக்காலம் சாயங்களின் காலம் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளவேண்டும். 1856 இல் பேர்க்கின் என்னும் ஆங்கிலேய இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைச் செய்து காட்டியபின், ஜேர்மன் தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கிற் புதிய நிறங்களைச் செய்து குவித்தன. துணிக்கென்று பிறந்த அந்நிறங்களை ஏர்லிக் உடலின்மேற் பிரயோகித்தார். பிரெஸ்லவ், ஸ்ராஸ்பேர்க், பிறைபேர்க், லைப்சிக் எனப் பல பல்கலைக்கழகங்களிற் பயின்று, 1878 இல் சாயமிடுதல் பற்றியே ஆய்வேடு எழுதி மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பேர்லின் சாரிற்றே மருத்துவமனையிற் பணியேற்றார். அங்கே ஒரு சொட்டுக் குருதியைக் கண்ணாடியிற் பரப்பிப் பலவகைச் சாயங்களை ஊற்றியபோது, வெண்குருதிக் கலங்கள் என்று அதுவரை ஒரே பெயராற் சொல்லப்பட்டவை வெவ்வேறு இனங்களாகப் பிரிந்து தெரிந்தன. அமிலச் சாயத்தைப் பிடிப்பவை சில, காரச் சாயத்தைப் பிடிப்பவை சில, நடுநிலையானவை சில. இன்று எமது குருதிப் பரிசோதனை அறிக்கைகளில் வரிசையாக அச்சிடப்பட்டு வரும் அப்பெயர்களிற் பல அவ்வாறு பிறந்தவையே.

ஆனால் அவரது சிந்தையை மாற்றியது மெதிலீன் நீலம் என்ற ஒரு சாயம். உயிருள்ள விலங்கொன்றின் உடலில் அதனைச் செலுத்தியபோது, ஏனைய இழையங்களெல்லாம் நிறமற்றிருக்க, நரம்பு நார்கள் நீலமாயின. உடலெங்கும் குருதியோடு ஓடித் திரிந்த ஒரு பொருள், தனக்குரிய இடத்தைத் தானே கண்டுபிடித்து அங்கே ஒட்டிக்கொண்டது. அப்படியானால், ஒரு கிருமியில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சாயமும் இருக்கலாமல்லவா? அச்சாயத்தோடு நஞ்சொன்றைப் பிணைத்து அனுப்பினால், நஞ்சு கிருமியைத் தவிர வேறெவரையும் தீண்டாதல்லவா? ஒட்டாத பொருள் வேலை செய்யாது என்பது அவரது அடிப்படை விதியாயிற்று. 1891 இல் மெதிலீன் நீலத்தையே மலேரியா நோயாளர் இருவருக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் தேறினர். சிறிய தொடக்கம்தான். ஆயினும் ஆய்வுகூடத்தில் மனிதராற் செய்யப்பட்ட ஒரு பொருள் கிருமிநோயொன்றைத் தணித்தது என்பது உலகுக்கே புதிது.

இதற்கிடையில் அவரையே நோய் பிடித்தது. கசநோய்க் கிருமியை றொபேட் கொக் 1882 மார்ச் மாதத்திற் பேர்லினில் அறிவித்தபோது அச்சபையில் ஏர்லிக் அமர்ந்திருந்தார். அக்கிருமியை எளிதிற் காட்டும் சாயமுறையை அவரே விரைவில் உருவாக்கிக் கொடுத்தார். 1888 இல் அதே முறையினால் தமது சளியிலும் அக்கிருமியைக் கண்டார். மனைவி ஹெட்விக்குடன் எகிப்துக்குச் சென்று, அந்த வெப்பத்தில் நீண்டகாலம் தங்கி உடல் தேறித் திரும்பினார். திரும்பியபோது கையில் வேலையில்லை.

பின்னர் கொக் தமது நிறுவனத்தில் இடமளித்தார். குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த தொண்டைக்கரப்பான் நோய்க்கு எமில் பேரிங் கண்டுபிடித்த சீரம், அளவு தெரியாமற் கொடுக்கப்பட்டமையால் சிலவேளை பலனளித்தது, சிலவேளை பலனளிக்கவில்லை. அதன் வலிமையை அளந்து, ஒவ்வொரு புட்டியும் ஒரே தரத்தில் இருக்கும் வழியை வகுத்தவர் ஏர்லிக். முதலாவது மருத்துவ நொபெல் பரிசு 1901 இற் பேரிங்குக்குத் தனியே கிடைத்தது. சீரத்தின் வருவாயும் பேரிங்கையே சேர்ந்தது. ஏர்லிக்கின் பங்கு 1908 இலேயே, உருசியரான மெச்னிக்கோவுடன் சேர்த்து, நோயெதிர்ப்பு ஆய்வுக்கென அங்கீகரிக்கப்பட்டது. யூதர்களுக்குப் பல்கலைக்கழகக் கதிரைகள் எளிதிற் கிடைக்காத காலம் அது. மதம் மாறிப் பதவி தேடியோரும் உளர், ஏர்லிக் மாறவில்லை. 1914 இற் புதிதாகத் திறக்கப்பட்ட பிராங்பேர்ட் பல்கலைக்கழகமே அவரை முழுமையான பேராசிரியராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது அறுபது.

பிராங்பேர்ட் நகருக்கு அவர் 1899 இல் வந்தார். அவரது வாழ்வின் பெரும் பணி அங்கேதான் நடந்தது. அவரது அறையிற் கதிரைகளிலும் சாய்மனையிலும் புத்தகங்களும் இதழ்களும் மலைபோற் கிடந்தன. வருபவர் அமர இடமிருக்காது. நாளொன்றுக்கு இருபத்தைந்து சுருட்டுகள் வரை புகைத்தார். சுருட்டுப் பெட்டியைக் கக்கத்திலேயே வைத்துத் திரிந்தார். ஒவ்வோர் உதவியாளரும் அன்று செய்யவேண்டிய பரிசோதனையை நிறநிறமான சிறு அட்டைகளில் எழுதி அனுப்புவார். துப்பறியும் கதைகளில் மோகங்கொண்டிருந்தார். செயலாளராக இருந்த மார்த்தா மார்குவார்ட் பின்னாளில் இவற்றையெல்லாம் நூலாக எழுதிவைத்தமையால், மேதையென்று சிலையாகிப் போகாத ஒரு மனிதரை நாம் இன்றும் காண முடிகின்றது.

வங்கியாளர் ஒருவரின் விதவையான பிரான்சிஸ்கா ஸ்பையர் அளித்த கொடையினால், 1906 இல் ஜோர்ஜ் ஸ்பையர் இல்லம் என்னும் ஆய்வு நிலையம் அவருக்கெனக் கட்டப்பட்டது. இரசாயனப் பொருட்களைக் கொண்டு நோயைத் தீர்க்கும் முறைக்கு கீமோதெரபி என்று பெயரிட்டவரும் அவரே. தாம் தேடிய மருந்துக்கு மந்திரக் குண்டு என்ற உவமையை ஜேர்மானிய நாட்டுக்கதையிலிருந்து எடுத்தார். வேடன் ஒருவன் பேயுடன் உடன்படிக்கை செய்து குறிதவறாத குண்டுகளைப் பெறுகிறான். எமக்கு இராமபாணம் நினைவில் வரலாம். ஆனால் ஜேர்மன் கதையில் ஒரு நிபந்தனை உண்டு: ஆறு குண்டுகள் வேடன் நினைத்த இடத்திற்குச் செல்லும், ஏழாவது பேய் நினைத்த இடத்திற்குச் செல்லும். அந்த ஏழாவது குண்டு ஏர்லிக்கையும் தேடி வந்தது.

மேகநோய் எனப்படும் சிபிலிசு அன்று ஐரோப்பாவின் பெருந்துயரமாக இருந்தது. பாதரசத்தைப் பூசியும் ஊட்டியும் நோயாளரின் பற்களை உதிரச் செய்ததே அதுவரை சிகிச்சையாக இருந்தது. நோயின் கிருமி 1905 இற் கண்டுபிடிக்கப்பட்டது. ஏர்லிக்கின் இரசாயனவியலாளர் அல்பிரெட் பேர்த்தைம், ஆசனிக்கு என்னும் பாஷாணத்தைக் கொண்ட ஒரு சேர்வையை எடுத்து, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் புதிய சேர்வைகளைச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிடப்பட்டது. 606 என்னும் இலக்கமுடையது முன்னரே சோதிக்கப்பட்டுப் பயனற்றதென ஒதுக்கப்பட்டிருந்தது. 1909 இல் தோக்கியோவிலிருந்து வந்த சஹாச்சிரோ ஹாட்டா, நோயேற்றப்பட்ட முயல்களில் அதனை மீண்டும் பொறுமையாகச் சோதித்தார். முயல்கள் குணமடைந்தன. ஒதுக்கிவைத்த புட்டியை மறுபடி எடுத்துப் பார்க்கும் மனம் எல்லா ஆய்வுகூடங்களிலும் இருப்பதில்லை.

1910 ஏப்ரலில் வீஸ்பாடன் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் இச்செய்தி வெளியிடப்பட்டது. விற்பனைக்கு முன்னரே சுமார் 65,000 அளவுகள் வைத்தியர்களுக்கு இலவசமாக அனுப்பப்பட்டன. சல்வார்சான் என்ற பெயரில் அவ்வாண்டின் இறுதியில் மருந்து விற்பனைக்கு வந்தது. ஆனால் அது காற்றுப் பட்டாற் கெட்டு நஞ்சாகும். ஊசி ஏற்றுவதற்குச் சற்று முன்னரே கரைக்கப்படவேண்டும். அறிவுறுத்தலைப் பின்பற்றாத இடங்களிலும், சில இடங்களிற் பின்பற்றியும், நோயாளர் ஊறுபட்டனர், சிலர் இறந்தனர். ஏர்லிக் பணத்திற்காக மனிதரைப் பலியிடுகிறார் என்றும், விலைமாதரை வற்புறுத்தி ஊசி ஏற்றினர் என்றும் பத்திரிகைகள் எழுதின. விவகாரம் 1914 இற் பாராளுமன்றம்வரை சென்றது. பிராங்பேர்ட் நீதிமன்றம் குற்றஞ்சாட்டிய பத்திரிகையாளருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. குற்றச்சாட்டுகளில் வெறுப்பும் பொய்யும் கலந்திருந்தன என்பது உண்மை. ஆனால் மருந்து தீங்கு செய்தது என்பதும் உண்மை. அதனாலேயே 1912 இல் 914 என்னும் இலக்கமுடைய, கரைக்க எளிதான மாற்று மருந்தை ஏர்லிக் வெளியிட்டார். 1940களிற் பெனிசிலின் வரும்வரை உலகம் இவ்விரு மருந்துகளையே நம்பியிருந்தது.

புற்றுநோய்க்கு வருவோம். பிராங்பேர்ட்டில் 1900களின் முதற் பத்தாண்டில், சுண்டெலிகளின் கட்டிகளை வேறு சுண்டெலிகளுக்கு மாற்றி நட்டு ஏர்லிக் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கட்டியை மட்டும் கொல்லும் சாயத்தையோ சேர்வையையோ அவரால் அடைய முடியவில்லை. ஏனென்று இன்று எமக்குத் தெரியும். கிருமி வெளியிலிருந்து வந்த அந்நியன். அதன் உடலமைப்பே வேறு. புற்றுக்கலமோ எமது சொந்தக் கலம். அதே சுவர், அதே உணவு, அதே மூச்சு. எங்கே வேறுபடுகிறது என்று தெரியாமல் எதனைக் குறிவைப்பது? அவ்வேறுபாட்டைக் காட்டும் கருவி அக்காலத்தில் எவரிடமும் இருக்கவில்லை. ஆயினும் 1909 இல் ஒல்லாந்து மருத்துவ இதழொன்றில் அவர் ஒரு கருத்தை எழுதினார்: பிறழ்ந்த கலங்கள் எம்முடலில் அடிக்கடி தோன்றுகின்றன, அவற்றை உடலின் காவலே அடக்கிவைக்கின்றது என்பது அதன் சாரம். அக்காவலைத் தூண்டிப் புற்றுநோயை எதிர்க்கும் ஆய்வுக்காக 2018 இல் இருவருக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

1914 இல் உலக யுத்தம் தொடங்கியது. பெல்ஜியத்தில் ஜேர்மன் படையினர் செய்த கொடுமைகளை மறுத்து வெளியிடப்பட்ட தொண்ணூற்று மூன்று அறிஞர்களின் அறிக்கையில் ஏர்லிக்கும் கையொப்பமிட்டார். யுத்தத்தினால் ஊரிழந்த நாம் இதனை மறைத்து அவரைப் புகழ்வது முறையாகாது. 1915 ஆகஸ்ட் 20 ஆம் நாள், பாட் ஹோம்பேர்க் நகரில் அவர் காலமானார். பிராங்பேர்ட் யூத மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் நேசித்த நாடு அவரது நினைவை என்ன செய்தது? 1910 இற் பிராங்பேர்ட் நகரம் ஒரு தெருவுக்கு அவரது பெயரைச் சூட்டியிருந்தது. நாசிகள் அப்பெயரை அகற்றினர். பேரிங்கைத் தம் இனத்தின் மேதையாக உயர்த்தி, ஏர்லிக்கைப் பேசாமல் விட்டனர். மனைவி ஹெட்விக் முதுமையில் நாட்டைவிட்டு வெளியேறி, சுவிற்சர்லாந்து வழியாக அமெரிக்கா சென்று, 1948 இல் மறைந்தார். அவருக்குச் சாயங்களை வழங்கி உதவிய கசெல்லா நிறுவனத்தின் ஆர்தர் வைன்பேர்க், 1943 இல் தெரெசியன்ஸ்ராட் முகாமில் உயிர்நீத்தார். ஏர்லிக்கின் கதையை 1940 இல் அமெரிக்கர் திரைப்படமாக்கியபோது அவராக நடித்தவர், சிறுவயதில் ருமேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதரான எட்வேர்ட் ஜி. றொபின்சன்.

புற்றுநோய்க்கு வந்த முதல் இரசாயன மருந்துகள் ஏர்லிக்கின் கனவுக்கு நேர்மாறானவை. 1940களில், யுத்தத்திற்கென ஆக்கப்பட்ட நச்சுவாயுவின் உறவுச் சேர்வையொன்று குருதிப் புற்றுக்களைச் சுருக்குவது கண்டறியப்பட்டது. விரைந்து பெருகும் கலம் எதுவாயினும் அது கொல்லும். புற்றும் சாகும், மயிர்வேரும் குடற்சுவரும் சாகும். குறிபார்த்து எய்வதற்கென ஏர்லிக் சூட்டிய கீமோ என்ற பெயரே எமது வீடுகளில் இன்று முடி உதிர்தலையும் வாந்தியையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அம்மருந்துகள் பல்லாயிரவரைக் காத்துள்ளன. ஆதலால் அவற்றை இகழ்வதற்கில்லை. ஆனாலும் அவை வலைவீச்சு, குறியெய்தல் அல்ல.

குறி தென்பட்டது 1960 இல். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கபோட் என்னும் இருவர், நாட்பட்ட ஒருவகை வெண்குருதிப் புற்றுநோயாளரின் கலங்களில் இயல்புக்கு மாறாகக் குறுகிய நிறமூர்த்தமொன்றைக் கண்டனர். 1973 இல் ஜனட் றௌலி அதன் காரணத்தை விளக்கினார்: 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டுள்ளன. அந்த ஒட்டுவேலையினாற் பிறக்கும் நொதியம் ஓயாமல் பெருகு, பெருகு என்று கலத்தை ஏவுகின்றது. நல்ல கலத்தில் அந்நொதியம் இல்லை. ஏர்லிக் தேடிய வேறுபாடு இதுவே. அந்நொதியத்தின் பள்ளத்திற் பூட்டுக்குள் திறப்பு நுழைவதுபோல் நுழைந்து அதனை முடக்கும் சேர்வையை சுவிற்சர்லாந்தின் பாசல் நகர இரசாயனவியலாளர்கள் செய்தனர். 606 ஐப் போலவே, ஒரு சேர்வையின் உறுப்புகளை மாற்றி மாற்றி அமைத்துப் பெறப்பட்டது அது. அதுவே இமாற்றினிப். முதற்கட்டச் சோதனையில் போதிய அளவு பெற்ற 54 நோயாளரில் 53 பேரின் குருதி வழமைக்குத் திரும்பியது. 2001 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் உயிர்பறித்த நோய், நாள்தோறும் குளிசை விழுங்கி நீண்டகாலம் வாழக்கூடிய நோயாயிற்று.

விலையோ வேறு கதை. இம்மருந்தின் புதிய வடிவுக்கான காப்புரிமையைச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006 இல் மறுத்தது. 2013 இல் இந்திய உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து பத்திலொரு பங்குக்கும் குறைந்த விலையிற் கிடைத்தது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்று நிறுவனங்கள் கூறுவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வாங்க முடியாத குண்டு எவ்வளவு குறிதவறாததாயினும் நோயாளிக்குப் பயனில்லை.

மற்றொரு வழி பிறபொருளெதிரிகளின் வழி. ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு வளர்க்கும் முறையை 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்ரைனும் கண்டனர். மில்ஸ்ரைன் ஆர்ஜன்டீனாவின் அரசியற் கெடுபிடிகளால் நாட்டை விட்டு வந்தவர். மார்பகப் புற்றுநோயாளரில் ஏறத்தாழ ஐந்திலொருவருக்குக் கலத்தின் மேற்பரப்பில் ஹெர்-2 என்னும் ஏற்பி மிகையாகக் காணப்படும். அதனைப் பற்றும் திரஸ்ற்றுசுமாப் 1998 இல் வந்தது. கட்டியில் ஒரு துண்டை எடுத்துச் சோதித்து முடிவு வரும்வரை வைத்தியர் மருந்தைத் தொடங்காமல் தாமதிப்பது இதற்காகவே. இலக்கு இருக்கிறதா என்று பாராமல் எய்வதிற் பயனில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த ஊசியை எமக்கு ஏன் தரவில்லை என்று மனம் புழுங்குவோர், அச்சோதனையின் முடிவை வைத்தியரிடம் கேட்டறிவது நன்று.

அப்பிறபொருளெதிரியின்மேல் நஞ்சை ஏற்றி அனுப்பும் மருந்துகளும் இப்போது உள்ளன. ஏர்லிக் வரைந்து காட்டியது ஏறக்குறைய அதேதான். அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று 2019 இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற திரஸ்ற்றுசுமாப் டெருக்ஸ்டெக்கான். அதை ஆக்கிய தைச்சி சாங்கியோ யப்பானிய நிறுவனம். அதன் முன்னோடிகளுள் ஒன்று 1915 இல் தொடங்கப்பட்டது. யுத்தத்தினால் ஜேர்மன் மருந்துகள் வராதுபோன அவ்வாண்டில், ஏர்லிக்கின் 606 ஐ யப்பானிலேயே செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஏழாவது குண்டு இம்மருந்திலும் உண்டு. சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகின்றது. ஆதலால் இருமலோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே தெரிவிக்கும்படி நோயாளர் அறிவுறுத்தப்படுகின்றனர்.

யுத்தம் முடிந்ததும் பிராங்பேர்ட் தெருவுக்கு ஏர்லிக்கின் பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. மைன் நதியின் தென்கரையிலுள்ள சாக்சன்ஹவுசன் பகுதியில் பவுல் ஏர்லிக் தெருவின் 42 ஆம் இலக்கத்தில் ஜோர்ஜ் ஸ்பையர் இல்லம் நிற்கின்றது. கட்டிகளின் உயிரியலை ஆராய்வதே இன்று அங்கு நடைபெறும் பணி.